கண்டோர் கூற்றும் காணார் கூற்றும்: விளையாட்டில் நாட்டமில்லாதார் பேச்சு குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

விளையாட்டைப் பற்றிய எழுத்துகளுள் பெரும்பாலானவை அதை விரும்புவோரால் விரும்புவோருக்காக எழுதப்பட்டவை. ஆட்ட வருணனை, வீரர் வரலாறு, போட்டி விமரிசனம் ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சாரும். எனினும், பெரும்போட்டி ஒன்று நடைபெறும் நாளில் அதைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் அந்த ஆட்டத்தை விரும்புவோர் அல்லர். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் லண்டன் ஒலிம்பிக் பூப்பந்து இறுதியாட்டத்தில் மலேசியாவின் லீ சோங் வேய் சீனாவின் லின் டானை எதிர்கொண்டார். முதல் செட்டை 21-15 என வென்றவர், அடுத்த இரு செட்டுகளையும் 10-21, 19-21 எனப் பறிகொடுத்தார். அதன் பின்வந்த நாள்களில் பூப்பந்து மட்டையைத் தொட்டும் அறியாத பலர் அத்தோல்வியைப் பற்றிப் பேசினர். அவர்கள் பேச்சில் மட்டை வீச்சும் வலையோர ஆட்டமும் இடம்பெறவில்லை. அவருடைய முகம், அவருடைய பெற்றோர், நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கம் கைநழுவியது ஆகியவையே இடம்பெற்றன.

இத்தகைய பேச்சை அறியாமையின் விளைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆட்டம் அறிந்தோர் அவ்வாறே ஒதுக்குகின்றனர். ஆயின், ஒரு பேச்சு பலராலும் பல காலமாகவும் ஏறத்தாழ ஒரே வடிவில் பேசப்பட்டு வருமாயின் அதற்கென ஓர் இலக்கணம் இருத்தல் வேண்டும். அவ்விலக்கணத்தைச் சில இலக்கியப் பனுவல்களின் துணைகொண்டு இனங்காண இக்கட்டுரை முற்படுகிறது. அதன்வழி மலேசியத் தமிழர் விளையாட்டைப் பேசும் முறையையும், நம் வகுப்பறைகளில் விளையாட்டு எழுதப்படும் முறையையும் மறுபரிசீலனை செய்வது இதன் நோக்கமாகும்.

இதற்கான அணுகுமுறையைத் தொல்காப்பியமே நமக்குத் தருகிறது. செய்யுளியல், செய்யுளுறுப்புகளை எண்ணுமிடத்துக் கூற்று, கேட்போர், களன், முன்னம் ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாகக் கொள்கிறது. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எவ்விடத்துச் சொன்னார் என்பவற்றை அறியாமல் சொன்னதன் பொருளை அறிய இயலாது என்பது இதன் கருத்து. அகத்திணையியல் உடன்போக்கில் கண்டோர்க்கும் கூற்று உண்டு என்கிறது. கண்டோர் தலைவனுக்கோ தலைவிக்கோ உறவினர் அல்லர். அக்காதலில் அவர்களுக்குப் பங்கும் இல்லை. வழியில் எதிர்ப்பட்டதனால் மட்டுமே பேசுகின்றனர். ஆயினும் அவர்கள் கூற்று இலக்கியத் தகுதி பெறுகிறது. நிகழ்வுக்கு வெளியே நிற்பவர் பேச்சையும் பொருட்படுத்திய மரபு நம்முடையது. விளையாட்டுக்கு வெளியே நிற்பவர் பேச்சையும் அவ்வாறே அணுகுதல் தகும்.

இப்பேச்சை மூன்றாக வகைப்படுத்தலாம். ஆட்டத்தின் பொருளையே மறுப்பது மறுப்புப் பேச்சு. பிறரோடு ஒத்துப்போகும் பொருட்டுப் பேசுவது இணக்கப் பேச்சு. ஆட்டத்தைச் சாக்காகக் கொண்டு வேறொன்றைப் பேசுவது இடப்பெயர்வுப் பேச்சு. ஒருவரே மூன்றையும் ஒரே நாளில் பேசக்கூடும். ஆகவே இவை மனிதரின் வகைகள் அல்ல, கூற்றின் வகைகள் என்று கொள்க.

மறுப்புப் பேச்சு

இருபத்திரண்டு பேர் ஒரு பந்தின் பின்னால் ஓடுகிறார்கள் என்னும் கூற்றை அறியாதார் இலர். ஆளுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுத்தால் சண்டை தீர்ந்துவிடும் என்னும் வேடிக்கையும் இதனோடு சேர்ந்தே வரும். இது ஆட்டத்தின் விதி, நோக்கம், வரலாறு அனைத்தையும் நீக்கிவிட்டுக் கண்ணுக்குப் புலப்படும் உடலசைவை மட்டும் கூறுகிறது. ரஷ்ய உருவவியலாளர் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி 1917இல் விளக்கிய பரிச்சயநீக்கம் என்னும் உத்தி இதுவே. பழகிப்போன ஒன்றை முதன்முறை காண்பதுபோல் காட்டுவது அவ்வுத்தி. டால்ஸ்டாய் போரும் அமைதியும் நாவலில் நடாஷா காணும் இசைநாடகத்தை வருணிக்கும் பகுதி இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அங்கு மேடைக் காட்சிகள் வண்ணம் பூசிய அட்டைகளாகவும், பாடகர்கள் காரணமின்றிக் கைகளை விரிப்பவர்களாகவும் தோன்றுகின்றனர்.

மறுப்புப் பேச்சுக்கு ஒரு பயன் உண்டு. கூட்டம் முழுவதும் ஒன்றைப் போற்றும்போது, போற்றாமல் நோக்குவதற்கான இடத்தை அது உண்டாக்குகிறது. ஆனால் இவ்வுத்தியை எதன்மீதும் ஏவலாம் என்பதை அதைக் கையாள்வோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பரதநாட்டியம் காலால் தரையைத் தட்டுவதாகும். திருமணம் ஒருவர் கழுத்தில் மற்றொருவர் கயிறு கட்டுவதாகும். கவியரங்கம் சிலர் மாறி மாறி உரக்கப் பேசுவதாகும். தமக்கு விருப்பமானவற்றுக்கு இவ்வுத்தியைப் பயன்படுத்தாமல் விளையாட்டுக்கு மட்டும் பயன்படுத்துபவர், விமரிசனம் செய்வதாக எண்ணிக்கொண்டு தம் சுவையை மட்டுமே அறிவிக்கிறார்.

மறுப்புப் பேச்சின் உயர்ந்த எடுத்துக்காட்டு ஜார்ஜ் ஆர்வெல் 1945 டிசம்பரில் டிரிபியூன் இதழில் எழுதிய கட்டுரையாகும். மாஸ்கோ டைனமோ காற்பந்துக் குழு அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டனுக்கு வந்து செல்சி, கார்டிஃப், ஆர்சனல், ரேஞ்சர்ஸ் ஆகிய நான்கு குழுக்களோடு ஆடிச் சென்றது. இத்தகைய வருகை நாடுகளுக்கிடையே நல்லுறவை வளர்க்கும் என்னும் பொதுக்கருத்தை ஆர்வெல் முற்றாக மறுத்தார். நாடுகள் மோதும் விளையாட்டு, நாட்டுவெறியின் வடிவமே என்பது அவர் முடிவு. அணு ஆயுதப் போட்டி நிலவிய பிற்கால ஒலிம்பிக் விழாக்களை நோக்கும்போது அவருடைய கணிப்பில் இருந்த கூர்மை விளங்கும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கையும் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கையும் எதிரெதிர் அணிகள் புறக்கணித்தன.

ஆயினும் திறனாய்வாளர் அக்கட்டுரையில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஆர்சனல் ஆட்டத்தில் நிகழ்ந்ததையும் கிளாஸ்கோ ஆட்டத்தில் நிகழ்ந்ததையும் ஆர்வெல் கூறும்போது, அவற்றைக் கண்டவர்கள் தமக்குச் சொன்னதாகவே கூறுகிறார். நேரே கண்டதாகக் கூறவில்லை. அதாவது, நம் மரபின்படி அது கண்டோர் கூற்று அன்று. கேட்டார் வழிவந்த காணார் கூற்று. கைகலப்பு நடந்ததா என்பது மட்டும் அவருக்கு வேண்டியிருந்தது. செல்சியோடு மூன்றுக்கு மூன்று எனச் சமநிலை கண்ட டைனமோ எத்தகைய ஆட்டத்தை வெளிப்படுத்தியது என்பது அவர் அக்கறைக்கு அப்பாற்பட்டது. வெளியே நின்றதனால் அவர் அரசியலைக் கண்டார். வெளியே நின்றதனாலேயே ஆட்டத்தைக் காணவில்லை.

உள்ளே நின்றவரும் அரசியலைக் காணக்கூடும் என்பதற்கு டிரினிடாடைச் சேர்ந்த சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட எல்லைக்கோட்டுக்கு அப்பால் என்னும் கிரிக்கெட் நூல் சான்று. ஆட்டத்தை மட்டும் அறிந்தவர் ஆட்டத்தையும் முழுதாக அறியார் என்பது அந்நூலின் அடிப்படை. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்குக் கறுப்பினத்தவரான ஃபிராங்க் வொரல் தலைமையேற்க வேண்டும் என வாதாடிய ஜேம்ஸ், அவ்வாதத்தை மட்டையாட்டத்தின் நுணுக்கங்களோடு சேர்த்தே எழுதினார். ஆகவே, அரசியலைக் காண்பதற்கு ஆட்டத்தை வெறுத்தல் ஒரு தகுதி ஆகாது. ஆர்வெலின் கட்டுரை நமக்கு உதவுவது அதன் முடிவினால் மட்டுமன்று. மறுப்புப் பேச்சு எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பதைக் காட்டுவதாலும் ஆகும்.

இணக்கப் பேச்சு

நாட்டமில்லாதாருள் மறுப்போர் சிலரே. பெரும்பாலோர் இணங்கிப் போகின்றனர். நேற்று யார் வென்றார்கள் என்று அலுவலகத்தில் கேட்கும் ஒருவருக்கு விடை தேவைப்படுவதில்லை. மழை வரும்போல இருக்கிறது, சாப்பிட்டாயிற்றா என்பன போன்றதே அவ்வினாவும். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இல் இத்தகைய பேச்சைத் தனியே பிரித்துக் காட்டினார். செய்தியைத் தெரிவிப்பது அதன் நோக்கம் அன்று. உறவைத் தொடர்வதே நோக்கம். ரோமன் யாகப்சன் பின்னர் இதனை மொழியின் பணிகளுள் ஒன்றாகவே வகைப்படுத்தினார். தொடர்பைப் பேணும் பேச்சு என இதனைத் தமிழில் வழங்கலாம்.

மலேசியாவில் உலகக் கிண்ணப் போட்டிக் காலத்தில் மாமாக் கடைகளில் பெருந்திரை கட்டப்படுகிறது. நள்ளிரவு கடந்து ஆட்டம் பார்ப்போருள் சிலர் தேநீருக்கும் நண்பர்களுக்குமாகவே வந்தவர்கள். கூட்டம் ஆரவாரிக்கும்போது அவர்களும் ஆரவாரிக்கின்றனர், சற்றே தாமதமாக. அத்தாமதமே அவர்களைக் காட்டிக்கொடுக்கும். ஆயினும் இதனைப் பாசாங்கு என்று கடிந்துவிடுதல் நேரிதன்று. இழவு வீட்டில் இறந்தவரை அறியாதவரும் நல்ல மனிதர் என்கிறார். அதில் பொய் சொல்லும் எண்ணம் இல்லை. கூடியிருப்பவரோடு கூடியிருத்தலே உள்ளது.

இவ்விடத்து உம்பர்த்தோ எக்கோவின் சிந்தனை கருதத்தக்கது. 1969இல் விளையாட்டு அரட்டை குறித்து எழுதிய கட்டுரையில் அவர் விளையாட்டைப் படிப்படியாகப் பெருக்கிக் காட்டுகிறார். ஒருவர் தாமே ஆடுவது முதல்நிலை. பிறர் ஆடுவதைக் காண்பது அதன் இருபடி. ஆட்டத்தைப் பற்றிய பேச்சு அதன் முப்படி. அப்பேச்சைப் பற்றிய பேச்சு அடுத்த படி. மேல்நிலைக்குச் செல்லச் செல்ல ஆடும் உடல் மறைந்து பேச்சு மட்டும் எஞ்சுகிறது. மேலும், இவ்வரட்டை அரசியல் உரையாடலின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தீர்ப்பு வழங்குவதும் ஆய்ந்து வாதிடுவதும் இதிலும் உண்டு, ஆனால் நாட்டின் நிருவாகத்தை அது தொடுவதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு.

எக்கோவின் கருத்தை நீட்டித்தால் ஒரு முரண் தோன்றும். முப்படி நிலையில் ஆட்டத்தை விரும்புபவருக்கும் விரும்பாதவருக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடுகிறது. இருவரும் ஆடவில்லை, இருவருமே அரங்கில் இல்லை, இருவரும் செய்தித்தாளில் படித்ததைத் திருப்பிச் சொல்கின்றனர். ஒருவருக்குச் செய்தி மிகுதி, மற்றவருக்குக் குறைவு. நாட்டமில்லாதவரின் வெற்றுப்பேச்சைப் பார்த்துச் சிரிக்கும் ரசிகர், தம் பேச்சின் இலேசான நகலைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்.

இந்த முரணைக் கதையாக்கியவர்கள் அர்ஜென்டினா எழுத்தாளர்களான போர்ஹேசும் பியோய் காசாரெசும் ஆவர். புஸ்தோஸ் தோமெக் என்னும் கற்பனை எழுத்தாளரின் பெயரால் அவர்கள் 1967இல் வெளியிட்ட தொகுப்பில் ஒரு சிறுகதை உள்ளது. இருத்தல் என்பது காணப்படுதல் என்னும் பொருள்படும் இலத்தீன் தொடர் அதன் தலைப்பு. மெய்யியலாளர் பார்க்லியின் கொள்கையை நினைவூட்டுவது. புவெனஸ் ஐரிஸ் நகரின் பெரிய காற்பந்து அரங்கம் அதன் இடத்தில் இல்லாததைக் கதைசொல்லி காண்கிறார். காரணம் அறியக் காற்பந்துக் கழகத் தலைவர் ஒருவரை நாடிச் செல்கிறார். அரங்கங்கள் யாவும் இடிந்துபோயின, காற்பந்து ஆட்டமே இப்போது இல்லை, 1937ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் கடைசி ஆட்டம் ஆடப்பட்டது, அதன்பின் நடப்பவை அனைத்தும் ஒலிபரப்பறையில் ஒருவர் பேசும் நாடகம் என்னும் செய்தி அவருக்குக் கிடைக்கிறது.

போர்ஹேஸ் காற்பந்தை வெறுத்தவர் என்பது பலரும் அறிந்தது. எனவே இக்கதையை மறுப்புப் பேச்சு என்று வாசிப்பது வழக்கம். நுணுகி நோக்கின் இதன் இலக்கு ஆட்டம் அன்று என்பது புலனாகும். ஆட்டம் இங்கே அழிந்துபோன ஒன்று, இரங்கத்தக்கது. இலக்காவது ஆட்டமின்றியும் தொடரக்கூடிய பேச்சு. ஆட்டத்தில் நாட்டமில்லாத ஒருவரால்தான் ஆட்டம் நின்றுபோனாலும் பேச்சு நிற்காது என்பதை எண்ணிப் பார்க்க முடிந்தது. மறுப்புப் பேச்சுக்கு எட்டாத ஓர் ஆழத்தை இக்கதை எட்டியிருப்பதற்குக் காரணம் இதுவே.

இடப்பெயர்வுப் பேச்சு

மூன்றாம் வகைக்குத் தமிழில் தொன்மையான சான்று உண்டு. சோழன் நல்லுருத்திரன் பாடியதாகக் கூறப்படும் முல்லைக்கலியில் ஏறுதழுவுதல் விரிவாக இடம்பெறுகிறது. தொழுவில் விடப்படும் காளைகளின் நிறம் தெய்வங்களின் நிறத்தோடு ஒப்பிடப்படுகிறது. பொதுவர் பாய்வதும், கொம்பினால் குத்துண்டு குடல் சரிவதும், புழுதி எழுவதும் கண்முன் நிற்கின்றன. இவற்றைப் பேசுவோருள் முதன்மையானவர்கள் தோழியும் தலைவியும் ஆவர். அவர்கள் களத்தில் இறங்குபவர்கள் அல்லர். பார்வையிடத்தில் நின்று, இவன் அந்தக் காளைமீது பாய்ந்தான் காண் என ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டுகின்றனர்.

இப்பாடல்கள் வீர விளையாட்டுக்குச் சான்றாகவே பெரிதும் மேற்கோள் காட்டப்பட்டு வருகின்றன. 2017இல் சல்லிக்கட்டுக்காகச் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டபோதும் அவை அவ்வகையிலேயே நினைவுகூரப்பட்டன. ஆனால் கூற்று என்னும் உறுப்பை முன்வைத்து வாசிப்போமாயின் வேறொன்று தெரியவரும். ஆட்டவிதியை விளக்கும் ஆர்வம் அப்பெண்களின் பேச்சில் இல்லை. இந்தக் காளையை அடக்குபவனுக்கு இன்னாள் உரியவள் என்னும் செய்தியே பேச்சுக்கு அச்சாகிறது. கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்குலப் பெண் அடுத்த பிறவியிலும் ஏற்கமாட்டாள் என்னும் கருத்தும் திருமணம் பற்றியதே. ஆடுவோருக்குக் காளை, காண்போருக்குக் கணவன்.

இப்பேச்சின் உச்சம் என ஒரு நிகழ்வைச் சொல்லலாம். காளையின் கொம்பில் சிக்கிய வீரனின் கண்ணி, அது தலையை அசைத்தபோது பறந்துவந்து தலைவியின் கூந்தலில் விழுகிறது. அவள் அதனை எறியவில்லை. கூந்தலுக்குள் வைத்து முடிந்துகொள்கிறாள். பின்னர்த் தாய் கண்டால் என்ன சொல்வது என்பதே அவளுக்கும் தோழிக்கும் இடையே பேச்சாகிறது. அன்று எத்தனை காளைகள் அடங்கின, எத்தனை பேர் காயமுற்றனர் என்பன பின்னுக்குச் செல்கின்றன. ஒட்டுமொத்த விழாவும் ஒரு சிறு பூங்கண்ணியாகச் சுருங்கிவிடுகிறது.

தலைவிக்கு நாட்டமில்லை என்று எவ்வாறு கூறலாம் என்னும் ஐயம் எழக்கூடும். அவளுக்குப் பெருநாட்டம் உண்டு. ஆட்டத்தின்மீது அன்று, அதன் விளைவின்மீது. அவளுடைய வாழ்வு அக்களத்தில் முடிவாகிறது. முடிவெடுக்கும் செயலில் மட்டும் அவளுக்கு இடமில்லை. இடப்பெயர்வுப் பேச்சின் அடிப்படையை இங்குக் காண்கிறோம். ஆடும் உரிமை இல்லாதவர் ஆட்டத்தைப் பேசும்போது தமக்கு உரிமையுள்ள ஒன்றை அதனுள் தேடிக்கொள்கின்றனர். லீ சோங் வேயின் தோல்வியில் பெற்றோரைப் பற்றிப் பேசிய பெண்களின் கூற்றும் இத்தகையதே. புள்ளிக்கணக்கு அவர்களுடையது அன்று. பிள்ளை தோற்று வீடு திரும்பும்போது அவன் முகத்தை எவ்வாறு எதிர்கொள்வது என்பது அவர்கள் அறிந்த கலை.

பெயர் எண்ணும் பேச்சு

மலேசியத் தமிழரிடையே இடப்பெயர்வுப் பேச்சு ஒரு தனிவடிவம் பெற்றுள்ளது. நாட்டின் அணி அறிவிக்கப்பட்டவுடன், ஆட்டத்தில் நாட்டமில்லாதவரும் கேட்கும் முதல் வினா, அதில் நம்மவர் எத்தனை பேர் என்பதாகும். இவ்வினாவுக்குப் பின்னே ஒரு பட்டியல் இருக்கிறது. 1966 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்ற எம். ஜெகதீசன், அதே ஆண்டில் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை எனச் சிறப்பிக்கப்பட்ட எம். இராஜாமணி, கோல் காவலர் ஆறுமுகம் என அப்பட்டியல் தொடரும். ஓட்டப் பந்தயத்தை ஒருமுறையும் கண்டிராதவரும் இப்பெயர்களை ஒப்பிப்பார்.

இப்பேச்சை இனவாதம் என்று எளிதில் முத்திரை குத்திவிட இயலாது. எண்ணிக்கையில் சிறுபான்மையான ஒரு சமுதாயம், தான் இந்நாட்டில் கணக்கில் கொள்ளப்பட்டுள்ளதா என்று சரிபார்க்கும் முறை அது. ஆனால் அம்முறைக்கு ஒரு விலை உண்டு. 1970களின் காற்பந்து அணியைப் பற்றிப் பொதுமேடையில் பேசுவோர் மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம் என நான்கு பெயர்களை ஒரே மூச்சில் கூறுவர். ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமிடத்தெல்லாம் இந்நால்வரும் வரிசையில் நிற்கின்றனர். அவ்வரிசையில் ஆறுமுகத்தின் பணி, ஓர் இனத்துக்குப் பதிலாக நிற்பது மட்டுமே. அவர் பந்தை எவ்வாறு பிடித்தார் என்பதற்கு அங்கு இடமில்லை.

ஆட்டத்தை விரும்பியவர்கள் அவருக்கு வேறொரு பெயர் வைத்தனர். ஸ்பைடர்மேன் என்பது அப்பெயர். அது இனத்தைச் சுட்டவில்லை. நீண்ட கைகளையும் கோல் கம்பத்துக்கு எவ்விடத்திலும் தாவிய உடலையும் சுட்டுகிறது. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் காலமானார். அவரைக் களத்தில் கண்ட தலைமுறையினர் இன்றும் அவருடைய கைகளைப் பற்றிப் பேசுகின்றனர். பெயரை நினைவில் வைத்திருப்போர் காணார். கையை நினைவில் வைத்திருப்போர் கண்டோர். பட்டியலின் வழி ஒருவரைப் போற்றும் சமுதாயம், அவரை அவராக்கிய திறனை மறந்துவிடும் இடர் இங்கு உள்ளது.

1980ஆம் ஆண்டு நிகழ்வு இவ்விரு பேச்சுகளின் இடைவெளியைத் தெளிவுறக் காட்டும். அவ்வாண்டு ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசிய அணி தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அவ்விழாவைப் புறக்கணித்ததால் அணி மாஸ்கோ செல்லவில்லை. நாட்டமில்லாதாருக்கு இது நாட்டின் கொள்கை பற்றிய கதை. ஆடியவர்களுக்கு, ஆடாமற்போன ஆட்டங்களின் கதை.

சியூ கெங் குவான் இயக்கத்தில் 2016இல் வெளிவந்த ஓலா போலா திரைப்படம் இந்நிகழ்வைத் தழுவியது. பெயர்களும் நிகழ்வுகளும் அதில் மாற்றியமைக்கப்பட்டுள்ளன. கோல் காவலர் முத்து என்னும் பாத்திரம் ஆறுமுகத்தை நினைவூட்டும். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதில் பேசப்படுகிறது. நம் ஆய்வுக்கு உகந்தது அதன் கதைச்சட்டகமாகும். நாட்டைவிட்டு வெளியேற எண்ணும் இளம் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர், பழைய அணியைப் பற்றிய செய்திப்பணிக்காக அனுப்பப்படுகிறார். அவருக்கு அதில் ஆர்வம் இல்லை. வெளியாள் ஒருவரைக் கேட்போராக வைத்ததனால்தான் பழைய வீரர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல நேர்கிறது. கேட்போர் என்னும் உறுப்பு கதையையே உருவாக்குவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எனினும் திரைப்படம் அந்த ஆர்வமின்மையைத் தீர்க்கப்பட வேண்டிய குறையாகவே கருதுகிறது. கதையைக் கேட்டவர் நெகிழ வேண்டும். நாட்டின்மீது பற்றுக் கொள்ள வேண்டும். ஆட்டத்தின்மீது விருப்பமின்மையும் நாட்டின்மீது பற்றின்மையும் ஒன்றே என்னும் எண்ணம் இதனால் உறுதிப்படுகிறது. இஃது ஏற்கத்தக்கது அன்று. ஒருவர் நாட்டை நேசித்துக்கொண்டே காற்பந்தைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். தாம் ஏன் வெளியேற எண்ணினார் என்று அச்செய்தியாளர் விரிவாகப் பேசியிருப்பின், படம் இன்னும் நேர்மையானதாக அமைந்திருக்கும்.

வகுப்பறையும் திடலும்

மேற்கூறியவை தமிழாசிரியருக்கு நேரடித் தொடர்புடையவை. தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் கட்டுரைகளுள் விளையாட்டு தவறாமல் இடம்பெறும். பள்ளி விளையாட்டுப் போட்டி பற்றிய அறிக்கை, விளையாட்டின் நன்மைகள், நான் ஒரு காற்பந்து என்னும் தன்கதை ஆகியவை தலைமுறைகளாக எழுதப்பட்டு வருகின்றன. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் இவ்வடிவங்கள் நிலைத்துள்ளன. வகுப்பில் விளையாட்டை விரும்பாத மாணவரும் இருப்பர். அவர்களும் உடல்நலம், ஒற்றுமை, விட்டுக்கொடுக்கும் மனப்பான்மை என்று எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். இணக்கப் பேச்சின் எழுத்து வடிவம் இது. மழை வரும்போல இருக்கிறது என்று எண்பது சொற்களில் எழுதுவதற்கு இதனை ஒப்பிடலாம்.

தன்கதை மட்டும் சற்று வேறுபட்டது. பந்து தொழிற்சாலையில் பிறக்கிறது; கடையில் காட்சிக்கு வைக்கப்படுகிறது; விலைக்கு வாங்கப்படுகிறது; உதைபடுகிறது; கிழிந்தபின் குப்பையில் வீசப்படுகிறது. ஆட்டம் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். எஞ்சியது முழுவதும் பயன்படுத்தப்பட்டுக் கைவிடப்பட்ட ஒன்றன் வாழ்க்கை. விளையாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர் உழைப்பையும் முதுமையையும் பற்றி எழுதுகிறார். இடப்பெயர்வுப் பேச்சு இங்கு ஒரு குழந்தையின் கையில் அமைந்துவிடுகிறது. நாமோ மரபுத்தொடர் சரியாக உள்ளதா என்று மட்டும் பார்த்துச் சிவப்பு மையால் கோடிடுகிறோம்.

கூற்று என்னும் உறுப்பை இக்கட்டுரைகளுக்குள் கொண்டுவருதல் கடினம் அன்று. ஓடியவர் எழுதுவது ஒன்று. கூடாரத்தின் கீழ் அமர்ந்திருந்தவர் எழுதுவது மற்றொன்று. ஓட விரும்பாத மாணவர் அன்று வெயிலில் எத்தனை மணி நேரம் காத்திருந்தார், யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார், எப்போது வீடு செல்ல விரும்பினார் என்று எழுத இடமளித்தால், ஒப்புக்கு எழுதப்படும் நன்மைகளின் பட்டியல் குறையும். ஒருவர் தாம் நின்ற இடத்திலிருந்து கண்டதைச் சொல்லப் பழகுவதே மொழிப்பாடத்தின் முதற்பயன்.

வகுப்பறைக்கு வெளியேயும் இதற்குத் தேவை உண்டு. தோட்டப்புற வாழ்வில் திடலுக்குச் சிறப்பிடம் இருந்தது. மாலை வேளைகளில் காற்பந்து ஆடப்பட்டது. தோட்டங்களுக்கிடையே போட்டிகள் நடந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் மக்கள் வெளியேறியபோது திடல்களும் மறைந்தன. அவ்வாட்டங்களைப் பற்றிய நினைவுகளைத் திரட்ட முயல்வோர் இயல்பாகவே முன்னாள் ஆட்டக்காரர்களை நாடுவர். கிடைப்பது கோல் கணக்கும் கோப்பைக் கணக்கும் ஆகும். சேறு படிந்த சட்டையைத் துவைத்தவர், கால் முறிந்தவனுக்கு எண்ணெய் தடவியவர், மறுநாள் பால்மரம் வெட்டப் போக வேண்டியவன் திடலில் விழுந்து கிடப்பதைக் கண்டு அஞ்சியவர் ஆகியோரிடம் வேறொரு வரலாறு இருக்கிறது. எனக்குப் பந்து பற்றி ஒன்றும் தெரியாது ஐயா என்று அவர்கள் தொடங்குவர். ஆய்வாளர் பதிவுக் கருவியை அணைத்துவிடும் இடம் பெரும்பாலும் அதுவே.

நிறைவுரை

விளையாட்டில் நாட்டமில்லாதார் பேச்சு மூவகைப்படும் என்பதும், அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு பயனும் ஓர் எல்லையும் உடையது என்பதும் இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும். மறுப்புப் பேச்சு கூட்டத்திலிருந்து விலகி நோக்க உதவும். ஆட்டத்தை அது காணாது. இணக்கப் பேச்சு மனிதரைச் சேர்த்து வைக்கும். அதனுள் பொருள் தேடுதல் வீண். இடப்பெயர்வுப் பேச்சில் பேசுவோரின் வாழ்வு வெளிப்படுகிறது. ஆடியவரின் திறன் அதில் மறையக்கூடும். பட்டியலால் ஆறுமுகத்தைப் போற்றும் நாம் அவருடைய கைகளையும் பேசக் கற்க வேண்டும். அதற்கு ஆட்டமறிந்தோரின் துணை நமக்குத் தேவை.

இலக்கியக் கல்வி பெற்றோருள் பலர் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டாமல் செல்வோர். அதற்காக நாணவேண்டியதில்லை. முல்லைக்கலியை இயற்றியவர் களத்தில் இறங்கிக் காளையைத் தழுவியவரா என்பதை நாம் கேட்பதில்லை. தலைவியின் கூந்தலில் விழுந்த கண்ணியை அவர் கவனித்தார் என்பதே நமக்குப் போதுமானதாக உள்ளது. தோட்டத் திடலின் ஓரத்தில் அமர்ந்திருந்தவர்கள் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களுடைய கண்டோர் கூற்று இன்னும் எழுதப்படவில்லை. அதனைக் கேட்டு எழுதுவது தமிழாசிரியரும் தமிழ் மாணவரும் இப்போதே தொடங்கக்கூடிய பணியாகும்.